செப்புக் காப்பு போட்டால் மூட்டு வலி குறையுமா? ஆய்வுகள் சொல்வது இதுதான்!

சுமார் 800 அடி உயரமுள்ள செஞ்சி ராஜகிரிக் கோட்டை, முழங்கால்களுக்கு ஒரு பரீட்சை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த இந்தக் கோட்டையில் ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முட்டி பேசும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கோ மலையே தேவையில்லை, வீட்டு மாடிப்படியே போதும்.

இந்த வலி தீர, பலரும் கையில் போட்டுக்கொள்வது செப்புக் காப்பு. காந்தம் பதித்த மணிக்கட்டுப் பட்டைகளும் ஆன்லைனில் விற்கின்றன. செம்பு தோல் வழியே உடலுக்குள் இறங்கும், காந்தம் ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்பது நம்பிக்கை. உண்மை என்ன?

சோதித்துப் பார்த்தார்கள்

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். 2009-ல் வெளியான ஆய்வில், மூட்டுத் தேய்மானம் உள்ள 45 பேர் 16 வாரங்கள் கலந்துகொண்டார்கள். 2013-ல் வெளியான ஆய்வில், முடக்குவாதம் உள்ள 70 பேர். காந்தப் பட்டை, காந்தம் குறைந்த பட்டை, காந்தமே இல்லாத போலிப் பட்டை, செப்புக் காப்பு என நான்கையும் ஒவ்வொருவரும் மாற்றி மாற்றி அணிந்தார்கள்.

இரண்டு ஆய்வுகளிலும் போலிப் பட்டையைவிட மற்றவை வலியைக் குறைத்ததாகத் தெரியவில்லை. முடக்குவாத ஆய்வில் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். மூட்டு அழற்சியிலும் மாற்றம் இல்லை.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 2004-ல் 194 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், காந்தப் பட்டை அணிந்தவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது. ஆனால் கையில் இருப்பது நிஜக் காந்தமா, போலியா என்பதை அணிந்தவரே எளிதில் கண்டுபிடித்துவிடலாம். அதனால் குறைத்தது காந்தமா, நம்பிக்கையா என்பதை அந்த ஆய்வாளர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

'எனக்குக் குறைந்ததே!'

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மூட்டு வலி ஏறி இறங்கும் தன்மை கொண்டது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் காப்பு வாங்குகிறோம். சில வாரங்களில் வலி தானாகத் தணியும்; பெயர் காப்புக்குப் போய்விடும். மணிக்கட்டில் படியும் பச்சை நிறம், செம்பும் வியர்வையும் சேர்ந்து உண்டாவது. நோய் வெளியேறுவதன் அடையாளம் அல்ல.

ஆபத்து எங்கே?

காப்பு அணிவதால் பெரிய கெடுதல் இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் காந்தப் பொருள்களைத் தவிர்க்க வேண்டும். உண்மையான ஆபத்து, காப்பை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடுவது. காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், இரண்டு கைகளிலும் வீக்கம் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டுகளைக் காப்பாற்றலாம். தாமதித்தால் மூட்டு கோணிவிடும். பிறகு நேராக்குவது கடினம்.

எதை அணியலாம்?

அணிந்து பலன் பெறும் பொருள்களும் இருக்கின்றன. முழங்கால் தேய்மானத்துக்கு அளவு பார்த்துப் போடும் முட்டிப் பட்டை, கட்டைவிரல் அடிமூட்டு வலிக்கு அதற்கான பட்டை, நடக்கக் கைத்தடி ஆகியவற்றை அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

இவற்றோடு தொடைத் தசைகளுக்கான உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் அவசியம். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. மருத்துவமனைக்குப் போக முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் வசதியும் உண்டு.

பாட்டி ஆசையாகப் போட்டிருக்கும் செப்புக் காப்பைக் கழற்றச் சொல்ல வேண்டாம். அது கையிலேயே இருக்கட்டும். முட்டியை மட்டும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.