டீசல் மோட்டாரின் இன்ஜெக்டரை இல்லத்திலே துப்புரவு செய்தல்

நிலக்கோட்டைத் தாலுகாவில் வத்தலக்குண்டிற்கு அண்மையிலுள்ள சேவுகம்பட்டி, வாழைப்பழம் சூறைவிடும் திருவிழாவினால் பெயர்பெற்ற ஊராகும். அவ்வூரார்க்கு டீசல் எண்ணெய் புதிய பொருளன்று. கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் நின்று நீரிறைத்த காலத்திலேயே ‘நாசில் அடைத்துக்கொண்டது’ என்னும் பேச்சு உழவரிடையே வழங்கலாயிற்று. எஞ்சினைத் தம் கையாலேயே பிரித்துப் பூட்டிப் பழகிய அன்பர்கள், இன்று வாசலில் நிற்கும் காரையும் அவ்வாறே பிரிக்கலாமன்றோ எனக் கேட்கின்றனர். சில வண்டிகளில் பிரிக்கலாம். சிலவற்றில் கை வைத்தலே ஆகாது. இவ்வேற்றுமையை விளக்குதலே எமது கருத்து.

டீசல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் இல்லை. சிலிண்டரினுள்ளே காற்றானது தன் பருமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு, 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலாகக் கொதிக்கின்றது. அவ்வேளையில் எண்ணெயைப் பனிபோல் நுண்ணிதாய்த் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ஆம் ஆண்டில் தம் எஞ்சினை வெற்றியுற ஓட்டிக்காட்டிய ருடால்ப் டீசல், அழுத்தப்பட்ட காற்றின் துணையாலேயே எண்ணெயை உட்செலுத்தினார். அதற்குரிய கம்ப்ரெஸர் பெருஞ்சுமையாயிருந்தது. 1927-இல் பாஷ் கம்பெனியார் எண்ணெயை மட்டுமே அழுத்திச் செலுத்தும் பம்பினைப் பெருவாரியாய்ச் செய்யத் தொடங்கிய பின்னரே, சிறு வண்டிகளிலும் இவ்வெஞ்சின் இடம்பெறுதற்கு வழி திறந்தது.

தூவும் அவ்வுறுப்பே இன்ஜெக்டர். அதன் நுனி நாசில். நாசிலின் உட்கூட்டிற்கும் அதனுள் ஏறியிறங்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளி இரண்டு முதல் நான்கு மைக்ரான், அஃதாவது தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்கு. எஞ்சின் நிமிஷத்திற்கு 3000 சுற்றுச் சுழலுங்கால், ஒவ்வொரு நாசிலும் 1500 முறை திறந்து மூடவேண்டும். இத்துணை நுண்ணிய உறுப்பின் வாயில் கரி படிந்தால், பனியாக வரவேண்டிய எண்ணெய் சொட்டாக விழும். கரும்புகை, காலையில் எளிதில் உயிர்பெறாமை, ஒரு சிலிண்டரிலிருந்து ‘டக் டக்’ என்னும் ஓசை, எண்ணெய்ச் செலவு ஆகியன அதன் அறிகுறிகள். நெடுநாள் விட்டால் சொட்டும் எண்ணெய் பிஸ்டனின் தலையையே எரித்துத் துளைத்துவிடும்.

எனினும் புகையைக் கண்டவுடன் ஸ்பானரைத் தேடுதல் வேண்டா. முதலில் டீசல் பில்டரை மாற்றுக. அதன் அடியில் தங்கிய நீரை வடித்துவிடுக. ஏர் பில்டரைத் தட்டிப் பார்க்க. மழைக்காலத்தில் பழைய டிரம்மிலிருந்து ஊற்றிய எண்ணெயாயின் நீரே பாதிக் குற்றவாளி. கடையில் விற்கும் இன்ஜெக்டர் கிளீனரை டாங்கில் அளவறிந்து ஊற்றலாம். அது மெல்லிய படிவைக் கரைக்குமேயன்றித் தேய்ந்த ஊசியை வளர்க்காது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலந்து ‘கழுவும்’ வழக்கம் பெருந்தீங்கு: டீசலின் வழவழப்பே பம்பிற்கும் ஊசிக்கும் மசகு, அது குன்றினால் இரண்டும் உராய்ந்து கெடும்.

இவற்றால் தீராவிடின், அம்பாஸிடர் டீசல், முதற்காலத்து இண்டிகா போன்ற பழைய வண்டிகளில் இன்ஜெக்டரைக் கழற்றலாம். குற்றமுள்ளது எது எனக் கண்டறிய ஓர் எளிய வழியுண்டு. எஞ்சின் மெல்ல ஓடுகையில், ஒவ்வொரு குழாயின் நட்டையும் சிறிது தளர்த்திப் பார்க்க. எதைத் தளர்த்தியபோது எஞ்சினின் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில் ஐயங்கொள்க. பின்னர் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, சுற்றிலுமுள்ள மண்ணை டீசல் தோய்த்த பிரஷினால் கழுவி, அதன் பின்னரே கழற்றுக. திறந்த குழாய்வாய்களை உடனே மூடுக. நுனியைத் தூய டீசலில் ஓர் இரவு ஊறவைத்துப் பித்தளைக் கம்பி பிரஷினால் கரியைத் துடைக்க. எமரித் தாளும் எஃகு ஊசியும் அருகே வருதலாகாது. நாசிலைப் பிரித்தீராயின், ஒன்றின் ஊசியை மற்றொன்றின் கூட்டில் இடாதீர். அவை இணைபிரியாப் பிறவிகள். பழைய காப்பர் வாஷர் குழியிலேயே ஒட்டியிருக்கும். அதனை அகற்றிப் புதியது இடுதல் வேண்டும். மாட்டியபின் கைப்பம்பினால் காற்றைப் போக்கிக் குமிழியின்றி எண்ணெய் வரும்வரை பொறுத்து நட்டுகளை இறுக்குக.

நாசில் எந்த அழுத்தத்தில் திறக்கின்றது, எவ்வாறு தூவுகின்றது என்பவற்றை வீட்டில் அறிய இயலாது. இவ்வகை வண்டிகளில் அது 100 முதல் 150 பார் வரை இருக்கும். ஆதலின் கழற்றிய நாசிலைப் பம்பு நாசில் கடைக்கு எடுத்துச் சென்று சோதித்தலே எமக்குச் சரியெனத் தோன்றுகின்றது. அச்சிறு கூலிக்கு அஞ்சுதல் சிக்கனமன்று.

2007-இல் வந்த ஸ்விப்ட் டீசல் முதலிய ‘காமன் ரெயில்’ வண்டிகளோ வேறு இனம். இவற்றில் அழுத்தம் 1600 பார் அளவும் அதற்கு மேலும் ஏறும். கார் டயரிலுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு பார் என்பதோடு ஒப்பிட்டுக் கொள்க. எஞ்சின் ஓடுகையில் நட்டைத் தளர்த்தும் மேற்சொன்ன சோதனையை இவற்றில் கனவிலும் செய்யற்க. மேலும் பல வண்டிகளில், புதிய இன்ஜெக்டரை இட்டால் அதன்மேற் பொறித்த குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதியாவிடின் எஞ்சின் ஒழுங்காய் ஓடாது. பில்டர் மாற்றுதலும் நல்ல எண்ணெய் ஊற்றுதலுமே இவ்வண்டிக்கு இல்லத்தில் செய்யத்தக்க பணி.

பழையதாயினும் புதியதாயினும், கசிவைத் தேடக் கையைக் குழாயருகே நீட்டாதீர். கண்ணுக்குப் புலனாகாத அத்தாரை கையுறையையும் தோலையும் ஊடுருவும். மேலே தோன்றுவது எறும்பு கடித்தாற்போன்ற ஒரு புள்ளியே. வலியும் முதலில் சிறிதே. உள்ளே எண்ணெய் நரம்பும் தசையும் நெடுகப் பரவிச் சில மணி நேரத்திற்குள் விரலையே இழக்கச் செய்யும். பட்டவர் மஞ்சள் பற்றிட்டுக் காத்திராது உடனே அறுவை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்று, ‘அழுத்தமுள்ள டீசல் தோலுக்குள் ஏறிற்று’ என்று அச்சொற்களாலேயே டாக்டரிடம் கூறவேண்டும். கசிவை அறிய ஓர் அட்டைத் துண்டு போதும். கண்ணாடியணிந்து, அதனைத் தொலைவில் நீட்டிப் பிடித்தால், ஈரப்புள்ளி தானே காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்தபின் வத்தலக்குண்டு வரை ஒருமுறை ஓட்டிவந்து, எஞ்சினை நிறுத்தி, நட்டுகளின் அடியில் ஈரம் உளதோ என மீண்டும் பார்க்க.