பெண்மயில் எதைப் பார்க்கிறது?

மேகத்தைக் கண்டு மயில் ஆடுகிறது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு மயில் ஒன்றும் அபூர்வப் பறவை அல்ல; மொட்டை மாடிக்கே வந்து நிற்கும். ஆனால் அது தோகை விரிப்பது மேகத்துக்காக அல்ல. மழைக்காலம் அதன் ஜோடி சேரும் காலம். பக்கத்திலேயே ஒரு பெண்மயில், அக்கறையே இல்லாதது போல் தரையைக் கொத்திக் கொண்டிருக்கும். ஆட்டமெல்லாம் அதற்காகத்தான்.

தலைமுறை தலைமுறையாகப் பெண்பறவைகள் அழகான ஆணையே தேர்ந்தெடுத்ததால்தான் இந்தத் தோகையும் வண்ணமும் பாட்டும் வளர்ந்தன என்று 1871-இல் டார்வின் எழுதினார். பரிணாமக் கொள்கையில் அவருக்குத் தோள் கொடுத்த வாலஸே இதை ஏற்கவில்லை. பறவைக்கு, அதுவும் பெண்பறவைக்கு, ரசனையும் தீர்ப்புமா என்று மற்றவர்களும் தயங்கினார்கள். காட்டில் சோதித்து நிரூபிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நிரூபித்தவர் ஸ்வீடன் நாட்டு மால்ட்டே ஆண்டர்சன். கென்யாவின் புல்வெளிகளில் விடோபேர்ட் என்று ஒரு பறவை. நம் தூக்கணாங்குருவியின் குடும்பம். ஆணின் வால் அரை மீட்டர் நீளம். ஆண்டர்சன் 36 ஆண்பறவைகளைப் பிடித்தார். சிலவற்றின் வாலை 14 சென்டிமீட்டராக வெட்டினார். வெட்டியதை வேறு சிலவற்றின் வாலில் பசை போட்டு ஒட்டி, 25 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டினார். இன்னும் சிலவற்றுக்கு வாலை வெட்டி, அதையே திரும்ப ஒட்டினார். இது வீண் வேலை அல்ல. ஒரு ரிலேயை மாற்றியதும் பழுது சரியானால், புது ரிலேயால் சரியானதா, கழற்றி மாட்டியதாலேயே சரியானதா என்று கேட்கத் தெரிய வேண்டும். அந்த மனிதருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது.

பிறகு ஒவ்வொரு ஆணின் எல்லையிலும் புதிதாக எத்தனை கூடுகள் வந்தன என்று எண்ணினார். வால் நீட்டப்பட்டவைக்கே அதிகம். அதே ஆண், அதே இடம், வால் மட்டும்தான் வேறு. 1982-இல் முடிவு வெளியானது.

நான் 35 வருஷம் ரயில்வே சிக்னல் பிரிவில் குப்பை கொட்டியவன். எனக்கு எழுந்த கேள்வி வேறு. ஆண் காட்டும் சிக்னலைப் பெண் எப்படி நம்புகிறது? எங்கள் கேபினில் பாயிண்ட் சரியாக அமைந்து பூட்டிக்கொண்டால் ஒழிய, சிக்னல் லீவர் அசையாது. இன்டர்லாக்கிங் என்போம். டிரைவர் சிக்னலை நம்புவது அதனால்தான். பறவைக்கு அப்படி ஒரு பூட்டு உண்டா?

உண்டு. அமெரிக்காவில் ஹவுஸ் ஃபின்ச் என்னும் சிட்டின் ஆணுக்கு மார்பு சிவப்பு. அந்தச் சிவப்பு கரோட்டினாய்டு என்ற நிறமியிலிருந்து வருகிறது. காரட்டுக்கும் தக்காளிக்கும் நிறம் தருவதும் இந்த வகைதான். அதைப் பறவையின் உடம்பு தானாகத் தயாரிக்க முடியாது; தேடித் தின்றால்தான் உண்டு. நிறமியில்லாத தீனி போட்டு வளர்த்தால் அடுத்து முளைக்கும் சிறகு வெளிறிவிடுகிறது. ஜெஃப்ரி ஹில் என்பவர் சில ஆண்களுக்குச் சாயம் ஏற்றினார், சிலவற்றை வெளுக்க வைத்தார். சிவந்தவற்றையே பெண்கள் விரும்பின. இயற்கையிலேயே நல்ல சிவப்பான ஆண்கள் குஞ்சுகளுக்கு அதிகம் இரை கொண்டுவந்ததையும் அவர் 1991-இல் எழுதினார். ஆக, சிவப்பு என்பது வெறும் மினுக்கு அல்ல, இரை தேடும் சாமர்த்தியத்தின் அத்தாட்சி.

பாட்டும் அப்படித்தான். இங்கிலாந்தின் நாணல் புதர்களில் செட்ஜ் வார்ப்ளர் என்ற கதிர்க்குருவி, வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கியதும் பாடத் தொடங்குகிறது. அதிக விதமான சுரங்கள் வைத்திருக்கும் ஆணுக்குச் சீக்கிரம் ஜோடி அமைகிறது என்று கேட்ச்போல் 1980-இல் கண்டார். ஜோடி கிடைத்ததும் பாட்டு நின்றுவிடும். (கல்யாணத்துக்கு முன் கச்சேரி, பின்னால் மௌனம். எனக்குத் தெரிந்த சில நண்பர்களும் இப்படித்தான்.) குஞ்சுப் பருவத்தில் வயிறாரத் தீனி கிடைக்காவிட்டால் பின்னாளில் பாட்டு சரியாகப் படிவதில்லை என்று வேறு சில பறவைகளில் சோதித்திருக்கிறார்கள். பாட்டைக் கேட்டே அது வளர்ந்த விதத்தைப் பெண் தெரிந்துகொள்ளலாம்.

மயில் விஷயத்தில்தான் இன்னும் வழக்கு ஓயவில்லை. இங்கிலாந்தில் மரியன் பெட்ரி, தோகையில் கண்கள் அதிகமுள்ள ஆணையே பெண்கள் தேர்ந்தெடுப்பதைக் கண்டார். 20 கண்களை வெட்டி எடுத்தபோது அந்த ஆண்களுக்கு மவுசு குறைந்தது. ஜப்பானில் தகஹாஷி குழு 7 வருஷம் பார்த்துவிட்டு, 2008-இல், அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றது. பெண்மயிலின் தலையிலேயே சின்னக் கருவியைப் பொருத்தி, கண் போகும் இடத்தை அளந்து 2013-இல் அமெரிக்காவில் எழுதினார்கள். ஆடும் ஆணை அது பார்த்தது மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கும் குறைவு. பார்த்தபோதும் தோகையின் கீழ்ப்பாகத்தைத்தான் அதிகம் பார்த்தது; தலையையும் கொண்டையையும் கண்டுகொள்ளவே இல்லை.

இதை வீட்டில் சொன்னேன். "நீங்க என்னைப் பெண் பார்க்க வந்த அன்னிக்கு, நான் காபித் தட்டை மட்டும்தான் பார்த்தேன்னு நினைச்சீங்களா?" என்றாள் என் மனைவி.

ஜூலை மழைக்குப் பிறகு விடியற்காலையில் உங்கள் காலனிப் பூங்காவில் மயில் ஆடினால், ஆணை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி நிற்கும் அந்தச் சாம்பல் பழுப்புப் பெண்மயிலைக் கவனியுங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள்; அரை மணி நேரம் சத்தம் போடாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.