கடல்நிறமும் அறிவியல் ஐயமும்

கோட்டுச்சேரிக்குக் கிழக்கே விரியும் வங்கக்கடல், காவிரியின் கிளையாறுகள் வண்டலைக் கொணரும் காலத்தில் கரையோரம் கலங்கியும் ஆழ்பகுதியில் நீலமாகவும் தோன்றும். மேலுள்ள வானம் ஒன்றே. ஆழ்கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே எனும் ரேலியின் கருத்து ஐயத்திற்கு இடமளிப்பதை இக்காட்சியே உணர்த்தும். 1921இல் கப்பற்பயணத்தின்போது சி.வி. இராமன் அக்கருத்தை நிக்கோல் பட்டகத்தால் சோதித்தார். நீர்ப்பரப்பின் எதிரொளிப்பை நீக்கிய பின்னரும் நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலே காரணம் என அவர் விளக்கினார்.

இவ்வையம் பிறர் கருத்தளவில் நின்றுவிடவில்லை. 1923இல் அவருடைய ஆய்வுக்குழுவைச் சேர்ந்த கே.ஆர். இராமநாதன், திரவங்களில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான கூறு ஒன்றைக் கண்டார். அது மாசுகளால் எழும் உடனொளிர்வாக இருக்கலாம் என ஐயுற்றுத் திரவங்கள் மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தப்பட்டன. ஆயினும் அக்கூறு எஞ்சியது. அது தளவிளைவுற்றிருந்தமை உடனொளிர்வு எனும் விளக்கத்தை மேலும் தளர்த்தியது. 1928இல் கே.எஸ். கிருஷ்ணனுடன் இராமன் நிகழ்த்திய சோதனைகளில் அது புதிய நிகழ்வென உறுதிப்பட்டது. இன்று இராமன் விளைவு எனப்படுகிறது.

ஐயத்தைச் சோதிக்கத்தக்க வினாவாக்கியதும், அதே அளவுகோலைத் தம் முடிவுகளுக்கும் பொருத்தியதுமே இக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தன.