பம்பாய்த் துறைமுகத் தீ

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் நூற்பாலைகள் பல உள்ளன. பஞ்சுப் பொதியில் தீப்பற்றினால் அதனை அணைப்பது எத்துணை அரிது என்பதை ஆலைத் தொழிலாளர் நன்கறிவர். மேற்புறம் அவிந்ததுபோல் தோன்றும். அழுத்திக் கட்டிய பொதியின் உள்ளேயோ கனல் மெல்லப் பரவிக்கொண்டிருக்கும். பஞ்சில் மூண்ட இத்தகைய தீயொன்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பம்பாய் மாநகரின் ஒரு பகுதியையே பாழாக்கியது.

1944ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்னும் ஆங்கிலேயரது சரக்குக் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்களும், போர் விமானங்களும், பொற்கட்டிகளும் இருந்தன. வழியில் கராச்சியில் 8,700 பஞ்சுப் பொதிகளையும் ஏற்றியிருந்தனர். வெடிபொருள் இருப்பதை அறிவிக்கும் செங்கொடி அக்கப்பலில் பறக்கவில்லை. போர்க்காலத்தில் அது பகைவர்க்கு இலக்குக் காட்டும் என்று கருதினர். ஆனால் அருகில் மூட்டை சுமந்து உழைத்தவர்க்கும் அதனால் ஆபத்து மறைந்துபோயிற்று.

14ஆம் நாள் பிற்பகல் 2 மணியளவில் சரக்கறையிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்பு வீரர் விரைந்து வந்தனர். 900 டன்னுக்கு மேற்பட்ட நீரைப் பாய்ச்சியும் பயனில்லை. அடர்ந்த புகையில் தீயின் இருப்பிடமே புலப்படவில்லை. பாய்ச்சிய நீரோ கப்பலுக்குள் கொதித்தது. 3:50க்குக் கப்பலை விட்டகலுமாறு ஆணை பிறந்தது. 4:06க்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. நெடுந்தொலைவிலுள்ள சிம்லாவின் நில அதிர்வுமானியும் அவ்வதிர்ச்சியைப் பதிவு செய்தது. அரைமணிக்குள் மற்றொரு வெடிப்பு நிகழ்ந்தது. 66 தீயணைப்பு வீரர் உயிர்நீத்தனர்.

எரியும் பஞ்சும் பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டுகளும் வானினின்று பொழிந்தன. கிடங்குகளும், துறைமுகத்தையடுத்து ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்களும் பற்றியெரிந்தன. இறந்தோர் தொகையை 800 முதல் 1,300 வரை பலவாறு மதிப்பிடுவர். அடையாளம் காணவியலாதோர் பலர். ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். துறைமுகத்தை நம்பிப் பிழைத்தோர் கூலியையும் இழந்தனர். கிடங்குகளிலிருந்த தானியம் மலைமலையாகக் கருகியது. முந்திய ஆண்டில்தான் வங்கம் பஞ்சத்தால் மடிந்திருந்தது என்பதை எண்ணினால், அவ்விழப்பின் கொடுமை விளங்கும். இவ்வளவு நிகழ்ந்தும், போர்க்காலத் தணிக்கையால் உண்மைச் செய்தி நாட்டு மக்களை உடனே எட்டவில்லை.

தீ அடங்க மூன்று நாள்கள் ஆயின. பின்னர் 8,000 பேர் ஏழு மாதம் உழைத்து இடிபாடுகளை அகற்றினர். சிதறிய பொற்கட்டிகளுள் ஒன்றிரண்டு, பல்லாண்டுகள் கழித்தும் துறைமுகச் சேற்றிலிருந்து வெளிப்பட்டன.

உயிர்நீத்த வீரரின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்பிரல் 14 தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. முதல் நாளன்று தீயணைப்பு நிலையங்களில் வீரர்கள் அணிவகுத்து நின்று அஞ்சலி செலுத்துவர். பின்னர்ப் பொதுமக்களிடையே சென்று, தீயை அணைக்கும் முறைகளைச் செய்து காட்டுவர்.