டிரைவரும் அதன் ஷாஃப்டும்: யாருடைய கருத்து யாருக்குப் பொருந்தும்?

டிரைவர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு வண்டியோட்டுபவரே நினைவுக்கு வருவார். கோல்ஃப் மைதானத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. நீண்ட குழிகளில் முதல் அடியைத் தொலைவுக்கு அனுப்பும் மட்டையே அங்கே டிரைவர். பையிலுள்ள மட்டைகளில் பொதுவாக மிக நீளமானது அது. மிக இலேசானதும் அதுவே. பெரும்பாலும் விலையில் உயர்ந்ததும் அதுதான்.

1829ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பிலிருந்து கணக்கிட்டால், இந்த விளையாட்டு நம் நாட்டில் இரு நூற்றாண்டுகளை நெருங்குகிறது. இன்றோ இராணுவக் குடியிருப்புகளிலும் பொதுத்துறை நிறுவனங்களின் நகரியங்களிலும் உள்ள மைதானங்கள் வழியாக, பணி ஓய்வுக்குப் பிறகு மட்டையைக் கையிலெடுப்போர் பலர். அவர்களுள் நம் வாடிக்கையாளர்களும் உண்டு. புதிய டிரைவர் ஒன்றின் விலை அரை லட்சம் ரூபாயைத் தொடுவது இப்போது புதிதல்ல. அத்தொகையைச் செலவிடுமுன், ஆடுவோர் சொல்லும் கருத்துகளை எப்படி எடைபோடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு டிரைவரை எடுத்துக்கொள்கிறோம்: 2023 ஜனவரியில் வெளிவந்த பிங் ஜி430 மேக்ஸ். வாங்குக என்று பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. கருத்துகள் ஒன்றுபடும் இடமும் பிரியும் இடமும் இதில் தெளிவாகத் தெரிவதால் இதைத் தெரிவு செய்தோம்.

இதன் தலையைப் பற்றி ஆடுவோரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தலையின் பருமன் 460 கன சென்டிமீட்டர். விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவே அது. பின்பகுதியில் 25 கிராம் எடையுள்ள டங்ஸ்டன் துண்டு ஒன்று உண்டு. அதை மூன்று நிலைகளில் மாற்றி வைக்கலாம். பந்து முகத்தின் நடுவில் படாமல் விளிம்பருகே பட்டாலும் தலை அதிகம் திரும்பிவிடுவதில்லை. எனவே அடி பெரிதாகத் தடம் மாறுவதில்லை. இந்த மன்னிக்கும் குணத்தைப் பெரும்பாலோர் மெச்சுகின்றனர். ஓசையைப் பற்றியும் பலர் ஒத்த கருத்தினர். முந்தைய ஜி425 எழுப்பிய கூர்மையான உலோக ஒலி பலருக்கு உவப்பாக இல்லை; ஜி430இல் அது தணிந்திருக்கிறது. ஓசைக்கும் தூரத்துக்கும் தொடர்பில்லை என்பது உண்மையே. ஆயினும் வாரந்தோறும் காதில் விழப்போகும் ஒலியை நாம் அற்பமாகக் கருதவில்லை.

கருத்துகள் பிரிவது ஷாஃப்டில்தான். தலையையும் கைப்பிடியையும் இணைக்கும் தண்டே ஷாஃப்ட். பழங்காலத்தில் அது ஹிக்கரி மரத்தால் ஆனது. பிறகு எஃகு வந்தது. 1970களில் கிராஃபைட் நுழைந்து, இன்று டிரைவர்களில் முழுவதுமாக ஆட்சி செய்கிறது. மேற்சொன்ன டிரைவருக்கு நிறுவனமே பல தண்டுகளைத் தருகிறது. ஆல்டா சிபி என்பது இலேசானது. கைப்பிடிப் பக்கம் எடை கூட்டப்பட்டது. பந்தை உயரமாக எழுப்பும் இயல்புடையது. டூர் 2.0 குரோம் அதைவிடக் கனமானது. பந்தை நடுத்தர உயரத்தில் அனுப்புவது. டூர் 2.0 பிளாக் இன்னும் தாழ்வாக அனுப்புவது. மென்மையாக வீசுவோருக்காக ஆல்டா குயிக் என்ற மிக இலேசான தண்டும் உண்டு. பெயரையடுத்து வரும் 55, 65, 75 ஆகிய எண்கள் தண்டின் எடையை ஏறத்தாழ கிராமில் குறிக்கின்றன.

இனி கருத்துகளைக் கேளுங்கள். ஆல்டா சிபியைப் பயன்படுத்திய ஒருவர், பந்து எளிதாக எழும்பி நெடுந்தூரம் செல்கிறது என்பார். இன்னொருவர், அதே தண்டில் பந்து வானத்தை நோக்கிப் பறந்து காற்றில் தொங்கி விழுகிறது என்பார். டூர் 2.0 பிளாக் ஒருவருக்கு நம்பகமான தண்டு. மற்றவருக்கோ இரும்புக் கம்பியைப் பிடித்ததுபோல் இருக்கிறது. இவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தண்டைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு தம் கையின் வேகத்தைப் பற்றியே பேசுகின்றனர்.

காரணம் எளியது. டிரைவரின் தலை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அந்தக் கணத்தில் தலை எந்தக் கோணத்தில் வந்து சேர்கிறது என்பதில்தான் தண்டின் பங்கு இருக்கிறது. கீழ்நோக்கிய வீச்சில் தண்டு முதலில் பின்னோக்கி வளைகிறது. பந்தை நெருங்கும்போது முன்னோக்கி வளைந்து, முகத்தின் சாய்வைச் சற்றே கூட்டுகிறது. எவ்வளவு வளையும் என்பது வீசுபவரின் வேகத்தையும், அவர் எவ்வளவு திடுமென விசையைச் செலுத்துகிறார் என்பதையும் பொறுத்தது. அமெரிக்க ஆண்கள் தொழில்முறைச் சுற்றில் சராசரி வீச்சு வேகம் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேல்; பெண்கள் சுற்றில் 150 கிலோமீட்டர் அளவில். வார இறுதியில் ஆடும் ஓர் ஆடவரின் வேகம் பெரும்பாலும் இரண்டாவது எண்ணுக்கு அருகிலோ அதற்குக் கீழோ இருக்கும். தொலைக்காட்சியில் காணும் ஆண் வீரரின் தண்டை நாம் வாங்குவது பொருந்தாமல் போவது இதனால்தான்.

தண்டின் விறைப்பை எழுத்துகளால் குறிப்பது வழக்கம். ஆர் என்றால் சாதாரணம். எஸ் என்றால் விறைப்பு. எக்ஸ் என்றால் மிகு விறைப்பு. எஸ்ஆர் அல்லது ஏ என்றால் மென்மை. இவ்வெழுத்துகளுக்குத் தொழில் முழுமைக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் எஸ்ஸுக்குச் சமமாக இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரு வேறு தண்டுகளிலும் இந்த வேறுபாடு காணப்படும். அப்படியிருந்தும் இந்த எழுத்து பலருக்கு மான உணர்ச்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பது வயதில் எஸ் வைத்து ஆடியவர், அறுபத்தைந்திலும் அதையே வைத்துக்கொண்டு, பந்து வலப்புறம் வழுவித் தாழப் பறப்பதற்குத் தம் முழங்காலைக் குறை கூறுவார். மென்மையான தண்டுக்கு மாறச் சொன்னால், முதுமையை எழுத்தில் ஒப்புக்கொள்வதாகக் கருதித் தயங்குவார். நண்பர்கள் நான்கு பேர் கூடும் இடத்தில் அந்தச் சிற்றெழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். அவர்கள்தாம் பார்ப்பார்கள் என்பதை அறிந்தவர்கள் அறிவர்.

தூரம் குறைவதை இழிவாகக் கருதுவோர் டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பார்க்கட்டும். 2021இல் நடந்த அப்போட்டியில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், அடியின் தூரத்தில் களத்தின் கடைசி வரிசையில் இருந்தார். ஆனால் நான்காம் இடத்தைப் பெற்று, ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டார்.

நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் கிடைக்கும் டிரைவர்கள் பொதுவாக 45.5 அங்குலமும் அதற்கு மேலும் இருக்கின்றன. நீளம் கூடினால் வேகம் சற்றுக் கூடும். முகத்தின் நடுவில் பந்தைச் சந்திப்பதோ கடினமாகும். 2000ஆம் ஆண்டில் தொடர்ந்து மூன்று பெரும் பட்டங்களை வென்ற டைகர் வுட்ஸின் கையிலிருந்தது 43.5 அங்குல எஃகுத் தண்டு. நமக்கு எஃகு வேண்டாம். எனினும், கைப்பிடியில் ஓர் அங்குலம் தாழ்த்திப் பிடித்துப் பத்துப் பந்துகளை அடித்துப் பார்ப்பதற்குச் செலவில்லை. சிலருக்குப் புதிய டிரைவரின் தேவையே அத்துடன் நீங்கிவிடுவதுண்டு.

தேவை நீங்காதவர்கள், வாங்குமுன் லாஞ்ச் மானிட்டர் உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் செலவிடுவது நல்லது. பந்தின் வேகம், எழும் கோணம், பின்சுழற்சி, இடவலச் சிதறல் ஆகியவற்றை அக்கருவி காட்டும். ஒரே தலையில் தண்டுகளை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றிலும் பத்து அடிகளாவது அடியுங்கள். மிகச் சிறந்த ஓர் அடியைக் கண்டு மயங்காதீர்கள். பத்தும் எவ்வளவு பரந்து விழுந்தன என்பதையே பாருங்கள். ஒப்பீடு முழுவதும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய கொல்கத்தாவில் அடிக்கும் அதே அடி, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்றின் அடர்த்தி குறைவதால் சற்றுக் கூடுதலாகவே பறக்கும். அந்தக் கூடுதலைப் புதிய தண்டின் பெருமையாக எண்ணி விலைகொடுத்து வாங்கியோரும் உண்டு.

கூடுதல் விலை பெறும் பெயர்பெற்ற தண்டுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்டைத் தலையுடன் பொருத்தும் இணைப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. இன்று வாங்கும் தண்டு, நாளை வாங்கும் வேறு நிறுவனத் தலையில் அப்படியே பொருந்தாது. இணைப்பைக் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். விலை மிகமிகக் குறைவாகக் கிடைக்கும் புது டிரைவர் என்றால், வரிசை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்க்காமல் பணம் செலுத்த வேண்டாம். போலிகள் அசலைப் போன்றே வண்ணம் பூசி வருகின்றன.

இறுதியாகக் கட்டணம். கடைகளும் இணைய விற்பனைத் தளங்களும் வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்கின்றன. வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. இத்தகைய திட்டங்களில் பெரும்பாலும், முழுத் தொகை செலுத்துவோருக்குக் கிடைக்கக்கூடிய தள்ளுபடியே வட்டிக்கு ஈடாகிறது. கடன் அட்டையில் அந்த வட்டிப் பகுதிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனியாகக் கணக்கில் ஏறும். செயலாக்கக் கட்டணமும் இருக்கலாம். ஆகவே தவணைப் படிவத்தில் கையொப்பமிடுமுன், முழுத் தொகையையும் இன்றே கொடுத்தால் என்ன விலை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அத்துடன், உங்களுக்குப் பொருந்திய தண்டின் பெயர், எடை, நீளம், முகச் சாய்வு ஆகியவற்றை எழுதிய சோதனைத் தாளையும் வாங்கி ரசீதுடன் சேர்த்து வையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதிய மாதிரி வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாளே உதவும்.