காரும் ரயிலேறும், டிரைவரும் தூங்கலாம்!



ரயிலில் ஆள் போகும், மூட்டை போகும். ஸ்டேஷனில் பைக் ஏத்துறதைக்கூட சில பேர் பார்த்திருப்பீங்க. பெட்ரோலைச் சுத்தமா எடுத்துட்டு, சாக்கு சுத்திக் கட்டி, போற ஊர் பேரை எழுதிப் பார்சல் பெட்டியில ஏத்துவாங்க. ஆனால் கார் ஒரு பெட்டியிலும் நாம இன்னொரு பெட்டியிலும் ஏறி, ராத்திரி நல்லாத் தூங்கி, காலையில இறங்கி அதே காரில் போகலாம் என்றால் நம்புவீங்களா? அப்படிப்பட்ட ரயில்கள் நிஜமாவே உண்டு.

அமெரிக்காவில் ஆட்டோ ட்ரெய்ன்

பேரைப் பார்த்து நம்ம மூணு சக்கர ஆட்டோ என்று நினைக்காதீங்க. அங்கே ஆட்டோ என்றால் கார். இந்த ரயில் வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள லார்ட்டனிலிருந்து புளோரிடா மாநிலத்தில் உள்ள சான்ஃபோர்டுக்குப் போகிறது. தூரம் சுமார் 1,375 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போற மாதிரி ஏறக்குறைய ரெண்டு மடங்கு!

1971-ல் ஒரு தனியார் கம்பெனி இதை ஆரம்பித்தது. 1981-ல் அது நின்று போனது. 1983-ல் ஆம்ட்ராக் என்ற ரயில் நிறுவனம் மறுபடி ஓட்டத் தொடங்கியது. காரோ பைக்கோ கொண்டு வராதவங்க இதில் ஏறவே முடியாது.

எப்படி ஏத்துறாங்க?

1. காரை முன்கூட்டியே ஸ்டேஷனுக்குக் கொண்டு வரணும். கதவில் ஒரு நம்பர் ஒட்டுவாங்க.
2. ஏற்கெனவே கீறல், நசுங்கல் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து வைப்பாங்க. பின்னால் சண்டை வராது பாருங்க!
3. சாவியைக் கொடுத்துடணும். ஊழியர்களே ஓட்டிப்போய், நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் காரை நிறுத்துவாங்க. ஒரு ரயிலில் 300-க்கு மேல் வண்டிகள் ஏறும்.
4. சாயங்காலம் 5 மணி வாக்கில் புறப்படும். நடுராத்திரி ‘பையைக் காரிலேயே விட்டுட்டேன்’ என்றால் போய் எடுக்க முடியாது. ராத்திரிக்கு வேண்டியதைக் கையிலேயே வைத்துக்கொள்ளணும்.
5. மறுநாள் காலை 10 மணி வாக்கில் போய்ச் சேரும். நம்பரைக் கூப்பிட்டதும் நம்ம காரை வாங்கிக்கலாம். முதலில் வந்தவங்க கார்தான் முதலில் இறங்கும் என்று இல்லை!

நம்ம நாட்டிலும் வந்தது

கொங்கண் ரயில்வே 1999-லிருந்து சரக்கு லாரிகளை ரயிலில் ஏத்திக்கொண்டு போகிறது. 2025 ஆகஸ்டில், விநாயகர் சதுர்த்திக்கு ஊருக்குப் போறவங்களுக்காகக் கார்களையும் ஏத்தினாங்க. மகாராஷ்டிராவில் உள்ள கோலாடிலிருந்து கோவாவில் உள்ள வெர்ணா வரைக்கும். சாயங்காலம் ஏறினால் விடிகாலையில் கோவா. ஒரு ரயிலுக்கு 40 கார்கள். ஒரு காருக்குக் கட்டணம் 7,875 ரூபாய். ஒரு காருக்கு 3 பேர் வரைக்கும் அதே ரயிலின் பயணிகள் பெட்டியில் வரலாம், அதுக்குத் தனி டிக்கெட். 16 கார்களாவது சேர்ந்தால்தான் ரயில் புறப்படும் என்று சொல்லியிருந்தாங்க.

எதுக்கு இவ்வளவு செலவு?

பணக்காரங்க சொகுசுதானே என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கப்பா வாடகைக் கார் ஓட்டுறாங்க. ராத்திரி சவாரிதான் அதிகம். போய்ச் சேர்ந்துட்டேன் என்று போன் வரும் வரைக்கும் எங்கம்மா படுக்க மாட்டாங்க. ‘ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும்தான் கண்ணைச் சொருகும்’ என்று அப்பா சொல்வாங்க. முகம் கழுவுறது, டீ குடிக்கிறது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தானாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 22 மீட்டர். மூணே மூணு வினாடி கண் அசந்தால் 66 மீட்டர்! நம்ம ஸ்கூல் கேட்டிலிருந்து கொடிக்கம்பத்தைத் தாண்டிச் சத்துணவுக் கூடம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுற மாதிரி. கார் ரயிலில் போனால் அந்த ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற வேலையே இல்லை. அதுதான் இந்த ரயிலோட பெரிய லாபம்.

இதை அப்பாகிட்ட சொன்னேன். ‘நல்ல ரயில்தான் பாப்பா, ஆனா எல்லாரும் அதுல ஏறிட்டா நம்ம சவாரி என்னாகும்?’ என்று சிரித்தாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதுவும் நியாயம்தான். ஆனாலும் அப்பா தூங்குற ராத்திரிதான் அம்மாவும் தூங்குற ராத்திரி என்று எனக்குத் தெரியும்.

நம்மால் முடிந்தது

அப்படி ஒரு ரயில் நம்ம பக்கம் வரும்போது வரட்டும். இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது மூணு இருக்கு. வீட்டில் டிரைவர் இருந்தால், பகலில் அவங்க படுத்திருக்கும்போது டி.வி. சத்தத்தைக் குறைப்போம். ராத்திரிப் பயணத்தில் முன் சீட்டில் உட்காருபவர் தூங்காமல் பேச்சுக் கொடுக்கணும். டிரைவர் கொஞ்சம் ஓரங்கட்டிப் படுக்கணும் என்று சொன்னால், ‘லேட்டாகுதே’ என்று யாரும் முணுமுணுக்கக் கூடாது.

அரை மணி நேரம் தாமதமாகப் போனால் என்ன? போய்ச் சேர்ந்தால் போதும்!

— 9-ஆம் வகுப்பு மாணவி