வளிமண்டலம்

நிலத்தைச் சூழ்ந்து கடல் கிடக்கிறது. அந்நிலத்தையும் கடலையும் ஒருங்கே சூழ்ந்து மற்றொரு கடல் கிடக்கிறது. அது கண்ணுக்குப் புலப்படாத காற்றுக் கடல். மீன்கள் நீருள் வாழ்தல் போல நாம் அக்கடலின் அடித்தரையில் வாழ்கிறோம். வளி என்பது காற்றைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஆதலின் இதனை வளிமண்டலம் என்கிறோம்.

காற்றுக்கும் எடை உண்டோ எனச் சிலர் ஐயுறலாம். உண்டு. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையுள்ள காற்று அழுத்துகிறது. விரித்த கையொன்றின்மேல் மட்டும் ஒரு மூட்டை நெல்லின் சுமை! எல்லாப் பக்கங்களினின்றும் ஒப்ப அழுத்துவதாலும், உடலினுள்ளும் நிகரான அழுத்தம் இருப்பதாலும் நாம் அதனை உணர்வதில்லை.

மேலே செல்லச் செல்லக் காற்று மெலியும். அதன் மொத்த எடையில் பாதி, தரைக்குமேல் ஐந்தரைக் கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இவ்வாறு மெலிந்த காற்றின் கொடுமையைத் தம் உடலாலேயே அறிந்தவர் இருவர். 1862 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5 ஆம் நாள், இங்கிலாந்தில் உள்ள வுல்வர்ஹாம்ப்டன் நகரிலிருந்து ஜேம்ஸ் கிளைஷர் என்னும் வானிலை அறிஞரும், ஹென்றி காக்ஸ்வெல் என்பவரும் பலூனில் ஏறிச் சென்றனர். ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், உடன் கொண்டுசென்ற புறாக்களுள் ஒன்றை வெளியே விட்டனர். அது பறக்கவில்லை; கல்லென விழுந்தது. எட்டரைக் கிலோமீட்டரைக் கடந்தபின் கிளைஷரின் கைகள் செயலற்றன; கண்ணொளி மங்கியது; உணர்விழந்து சாய்ந்தார். பலூனோ மேலும் ஏறிக்கொண்டிருந்தது. அதனை இறக்குதற்குரிய வால்வின் கயிறு மேலே சிக்கிக் கிடந்தது. காக்ஸ்வெல் வளையத்தின்மீது ஏறி அதனை எட்டினார். ஆயினும் அவர்தம் கைகள் குளிரால் விறைத்துக் கறுத்திருந்தன. என் செய்வார்? கயிற்றைப் பல்லால் கவ்வி இழுத்தார். வால்வு திறந்தது, பலூன் இறங்கியது, இருவரும் உயிர் பிழைத்தனர்.

எட்டுக் கிலோமீட்டர் என்பது மிதிவண்டியில் முக்கால் மணி நேரத்தில் எளிதிற் செல்லும் தொலைவே. அத்தொலைவை நிமிர்ந்து மேல்நோக்கிக் கடந்தால் உயிர்வாழ்க்கைக்கு இடமில்லை. நாம் வாழும் காற்று அத்துணை மெல்லிய போர்வை!

அறிஞர் வளிமண்டலத்தைப் பல அடுக்குகளாகப் பகுத்துள்ளனர். தரையை ஒட்டியது கீழடுக்கு. துருவங்களில் 8 கிலோமீட்டரும், நிலநடுக்கோட்டுப் பகுதியில் 16 கிலோமீட்டருக்கு மேலும் இது பரந்துள்ளது. முகில், மழை, புயல் ஆகியன பெரும்பாலும் இதனுள்ளே நிகழ்வன. இதனுள் ஏறுந்தோறும் குளிர் மிகும். இதற்குமேல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை உள்ளது மீள் அடுக்கு. இங்கோ முறை மாறி, மேலே செல்லச் செல்ல வெப்பம் ஏறும். அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம். அதற்கும் மேல் இடையடுக்கு. எரிமீன்கள் பெரும்பாலும் எரிந்தொழிவது ஆங்கேதான். அப்பால் வெப்ப அடுக்கும் வெளியடுக்கும் உள்ளன.

மீள் அடுக்கில் ஓசோன் என்னும் வளி உளது. அஃது ஆக்சிஜன் அணுக்கள் மூன்று கூடி ஆயது. கதிரவனிடமிருந்து வரும் புறஊதாக் கதிர்களுள் உயிர்க்குக் கேடு பயப்பனவற்றை அதுவே பெரிதும் ஈர்த்துக்கொள்கிறது. அவ்வாறு ஈர்ப்பதால்தான் அவ்வடுக்கில் வெப்பம் ஏறுகிறது. இத்துணைப் பெரும்பணி புரியும் ஓசோன் முழுவதையும் திரட்டிக் கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் பரப்பினால், அதன் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே இருக்கும்!

குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் என்னும் பொருள் மேலே சென்று ஓசோனை அழிக்கும் என்று 1974 இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர் கூறினர். அதனை ஏற்க மறுத்தோர் பலர். 1985 இல் தென்துருவப் பகுதிக்கு மேல் ஓசோன் மிகக் குறைந்துபோயிருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் கண்டறிந்து வெளியிட்டனர். 1987 இல் மாண்ட்ரீல் நகரில் நாடுகள் கூடி, அத்தகைய பொருள்களைப் படிப்படியாக நீக்க உடன்படிக்கை செய்துகொண்டன. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதனை ஏற்றன. இவ்வாறு எல்லா நாடுகளும் ஒருமனப்பட்டு ஏற்பது அரிது. ஓசோன் இப்போது மெல்ல மீண்டு வருகிறது. தென்துருவப் பகுதியில் அது 1980 ஆம் ஆண்டின் அளவை மீண்டும் எய்த ஏறத்தாழ 2066 ஆம் ஆண்டு ஆகும் என்பது அறிஞர் மதிப்பீடு. இப்பாடத்தைப் பயிலும் நீங்கள் அன்று ஐம்பது அகவையைக் கடந்திருப்பீர்கள்.